லவன் கடித்த சொசேஜ்

உடப்புச் சந்தியில் அந்த விளம்பரப் பலகையை நிறுத்தச் சொன்னவன் அம்ஜத்தான். வேறு யார் தலையிலும் அந்தப் பழியைப் போட வழியில்லை. கொழும்பில், பற்கள் கிட்டிக்கும் அளவுக்குக் குளிரூட்டிய ஓர் அறையில், குக்கூ கோழிச் சொசேஜ் கம்பனியின் விளம்பரத் தலைவி யூஜினி, "இந்த மாசம் உங்கட பக்கம் சனம் எங்க கூடும்?" என்று கேட்டாள். மற்றவர்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பதிலைத் தேடிக்கொண்டிருக்க, அம்ஜத் முந்திக்கொண்டான். "உடப்பு, மிஸ். அம்மன் கோயில் தீமிதிப்பு. வெளியூர்ச் சனமெல்லாம் வந்து இறங்கும். லவன்ட சொந்த ஊரும் அதுதான். ஊர்ப் பொடியன்ட முகம் ஊர்ச் சந்தியில நிண்டா எப்படி இருக்கும்!" மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை கிடைக்கும் என்றால் அம்ஜத் சாப்பாட்டையே மறந்துவிடுவான்.

அவன் புத்தளத்தில் 'களப்பு யுனைட்டட்' என்ற தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தின் விளம்பர அதிகாரி. அவனுக்குப் பந்து உதைக்கத் தெரியாது. உதைக்கிறவனை விற்கத் தெரியும். மைதானத்தின் மூலைக்கொடியை ஒரு சீமெந்துக் கடைக்கு விற்றான். இடைவேளையில் குடிக்கும் தண்ணியை ஒரு போத்தல்காரனுக்கு விற்றான். காயப்பட்டவனைத் தூக்கிப்போகும் தூக்குக் கட்டிலில்கூட ஒரு பாமசியின் பெயரை ஒட்டவைத்தவன் அவன். ஆனால் ஆட்டக்காரரின் சட்டையில் நெஞ்சுப்பக்கம் மட்டும் போன பருவம் முழுக்க வெறுமையாகவே கிடந்தது. கழகத் தலைவர் றஊப் ஹாஜியார் அந்த வெறும் நெஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் அம்ஜதையும் ஒரு பார்வை பார்ப்பார். கடைசியில் குக்கூ கம்பனி வந்தது. வந்த கம்பனி ஒரே ஒரு ஆளைத்தான் கேட்டது.

அந்த ஆள் லவன். முன்வரிசை ஆட்டக்காரன், உடப்பில் வள்ளக்கார வீட்டுப் பிள்ளை. அவன் கோல் அடித்தால் புத்தளம் பஸ் நிலையத்தில் பட்டாசு வெடிக்கும். அவனோ அடித்துவிட்டு, ஏதோ பிழை செய்தவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வருவான். பேச்சு மிகக் குறைவு. அம்ஜதை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுவான், அம்ஜத் சொல்வதைக் கேட்பான். விளம்பரக்காரனுக்கு இப்படி ஒருவன் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம்.

படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து ஆள் வரும் தேதி குறித்தாகிவிட்டது. அப்போதுதான் லவன் மணிக்கட்டில் மஞ்சள் நூலோடு கழகக் கந்தோருக்கு வந்து நின்றான்.

"நானா, காப்புக் கட்டியிட்டன். தீ மிதிக்கும்வரைக்கும் மச்சம் மாமிசம் வாயில வைக்கேலாது. அது முடிஞ்ச பிறகு நீங்க எத்தனை தந்தாலும் கடிக்கிறன்."

அவன் மனைவி யதுர்சிகா பிள்ளைப்பேற்றுக்காகச் சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்று டொக்டர்மாருக்கே சந்தேகம். வெளி விறாந்தையில் நின்று லவன் அம்மனுக்கு நேர்ந்தான்: இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தால் மூன்று வருஷம் தொடர்ந்து தீ மிதிக்கிறேன். வந்தார்கள். இரண்டு வருஷம் இறங்கிவிட்டான். இது கடைசி வருஷம். இதை முடித்துவிட்டால் பிள்ளைக்காகப் பட்ட கடன் தீர்ந்தது.

படம் பிடிக்கிறவனின் தேதியை மாற்ற முடியாது. மாற்றச் சொன்னால் கம்பனி வேறு கழகத்தைப் பார்க்கும். அம்ஜத் கெட்டவனாக இருந்திருந்தால், "கடிச்சிட்டுத் துப்பிடுங்க" என்று சொல்லியிருப்பான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ரமழானில் ஒரு நோன்பும் விடாதவன். மற்றவனின் நோன்பை முறிக்க அவனுக்கு மனம் வராது. இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தான். பிறகு கடைக்குப் போய்ச் சோயாமீற் பைக்கற்றுகள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி ஸஃப்னா சோயாவை ஊறவைத்து, அரைத்து, சொசேஜ் மாதிரியே உருட்டி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவிப் பொரித்துக் கொடுத்தாள். இறைச்சி பொரித்த சட்டியில் பொரிக்க அவளுக்கு மனம் கேட்கவில்லை. புதுச் சட்டி ஒன்று வாங்கிவரச் சொன்னாள். "நோன்பாளிக்குக் குடுக்கிற சாப்பாடு. சட்டி சுத்தமா இருக்கணும்" என்றாள். பார்த்தால் கோழிச் சொசேஜ்தான். கம்பனிக்காரனே ஏமாந்துபோவான். அவனும் ஏமாந்தான்.

படப்பிடிப்புக்கு முன் அம்ஜத் லவனைத் தனியாகக் கூப்பிட்டான். "இது சோயா என்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. லவன் குக்கூ சாப்பிடுற ஆள் என்டுதான் ஒப்பந்தம். பொய் என்டு தெரிஞ்சா கம்பனி அன்டைக்கே போயிடும். உங்கட அம்மன்மேல சத்தியம் பண்ணுங்க." லவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு கையில் இருந்த நூலைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான். வக்கீல்மார் பக்கம் பக்கமாக எழுதினாலும் இவ்வளவு இறுக்கமாக ஒரு வாயைக் கட்ட முடியாது என்று அம்ஜத் தனக்குள் சிரித்துக்கொண்டான். மஞ்சள் நூல் படத்தில் விழாமலிருக்க, கழகத்தின் நீல நிற வியர்வைப் பட்டியை அந்த மணிக்கட்டில் மாட்டிவிட்டவனும் அவன்தான்.

பலகை எழும்பியது. லவன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொசேஜைக் கடிக்கிறான். மேலே பெரிய எழுத்தில், 'முதல்ல கடி, பிறகு அடி!' கீழே, 'தினமும் காலையில் எனக்கு குக்கூ கோழிச் சொசேஜ் - லவன்.' அந்தத் 'தினமும்' அம்ஜதின் சொந்தக் கைவண்ணம்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவனுக்கு அதுவரை ஒன்றுமே உறைக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது சோயா. தனக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரியும் என்பதுபோல நடந்துகொண்டான். உடப்புச் சனம் கோயிலுக்குப் போகிற வழியில் நிமிர்ந்து பார்த்தபோது கண்டது கோழி.

லவனின் அழைப்பு வந்தபோது அம்ஜத் கந்தோரில் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நானா, கோயில்ல கூப்பிட்டு விசாரிக்கினம். காப்போட மச்சம் தின்டவனை நெருப்பில இறக்கேலாதாம். நான் ஒண்டும் சொல்லேல்ல. சத்தியம் பண்ணியிட்டன்தானே. யதுர்சிகாவுக்கும் சொல்லேல்ல. அவள் அழுதுகொண்டிருக்கிறாள். நீங்க வந்து ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"வாறேன்" என்றான் அம்ஜத். மீதிப் பணிஸை மேசையில் வைத்துவிட்டு எழும்பினான்.

போவதற்கு முன் யூஜினிக்குப் போன் எடுத்தான். நேராகக் கேட்கத் துணிவில்லை. "மிஸ், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். லவன் உண்மையில சொசேஜ் சாப்பிடுறதில்ல என்டு எங்கயாவது கதை வந்தா..." யூஜினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். "கதை வந்தா நாங்க போயிடுவம், அம்ஜத். அதோட எங்களை ஏமாத்தினது யார் எண்டும் கேப்பம். ஏன், ஏதும் பிரச்சினையா?" "இல்ல, இல்ல" என்று அவன் போனை வைத்தான்.

வீட்டில் ஸஃப்னா கதை முழுவதையும் கேட்டாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? போய்ச் சொல்லுங்க, சோயா என்டு. நானும் வேணும் என்டா வாறேன்."

"சொன்னா கழகம் என்ன ஆகுறது? எத்தன பேர்ட சம்பளம் அதுல இருக்கு தெரியுமா?"

"அதுக்கு அந்தப் புள்ளையின்ட நேர்த்தியையா குடுக்கிற?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவள் கோபப்பட்டு நின்று சண்டை பிடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். மதுரங்குளி தாண்டும்வரை உண்மையைச் சொல்வது என்றுதான் இருந்தான். முந்தல் வரும்போது அந்த உறுதி பாதியாகக் குறைந்தது. உடப்புக்குத் திரும்பும் இடத்தில் பலகை தெரிந்தது. பைக்கை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான். லவனின் மணிக்கட்டில் நீலப் பட்டி இருந்தது. நூலைக் காணவில்லை. அம்ஜதின் மூளை, அந்தப் பாழாய்ப்போன சுறுசுறுப்பான மூளை, உடனே வேலை செய்யத் தொடங்கியது. காப்புக் கட்டுவதற்கு முன்பு எடுத்த படம் என்று சொன்னால் என்ன? கையில் நூல் இல்லை, அதுவே சாட்சி. லவனும் தப்புவான், கம்பனியும் தப்பும். அவன் மனம் லேசானது. மீதித் தூரத்தை விசிலடிக்காத குறையாக ஓட்டினான்.

கோயில் வெளிவீதியில் தகரம் போட்ட கொட்டகையில் நிர்வாக சபையார் கதிரைகளில் இருந்தார்கள். தலைவர் யோகராசா அம்ஜதுக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். அவருக்குப் பக்கத்தில் லவன் நின்றுகொண்டிருந்தான். அம்ஜதைக் கண்டதும் அவன் முகம் தெளிந்த விதத்தை என்ன சொல்ல! கோல் அடித்தபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அம்ஜத் பார்த்ததில்லை.

யோகராசா சொன்னார்: "தம்பி, இவன் வாயைத் திறக்கிறானில்ல. அம்ஜத் நானா வந்து சொல்லுவார் எண்டுதான் நிக்கிறான். நீங்க நோன்பு பிடிக்கிற ஆள், உங்களுக்கு நாங்க விளங்கப்படுத்தத் தேவையில்ல. எங்களுக்கும் இவனை மறிக்க ஆசையில்ல, எங்கட பிள்ளை. ஆனா சந்தியில அப்பிடி ஒரு படம் நிக்குது. சொல்லுங்க. இவன் காப்போட கோழி தின்டானா?"

"இல்ல ஐயா" என்றான் அம்ஜத். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தப் படம் காப்புக் கட்ட முதலே எடுத்தது. இந்தா, கையைப் பாருங்க. நூல் இல்லத்தானே?"

போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். ஒருவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், அடுத்தவர் வாங்கிப் பார்த்தார். கொட்டகை முழுவதும் பெருமூச்சு விட்டது. "அட, இதைச் சொல்ல என்னடா உனக்கு வாய் வலி?" என்று யோகராசா லவனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். யாரோ தேத்தண்ணிக்குச் சொன்னார்கள். "பொடியனைச் சும்மா போட்டு வாட்டியிட்டம்" என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். அம்ஜத் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இல்ல ஐயா" என்றான் லவன்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"காப்புக் கட்டின பிறகுதான் படம் எடுத்தது. நூல் அந்த நீலப் பட்டிக்குள்ள இருந்தது. பொய்யோட என்னால நெருப்பில இறங்கேலாது. பிள்ளைக்காக நேர்ந்தது ஐயா."

தேத்தண்ணிக்குப் போனவர் பாதியில் நின்றார். யோகராசாவின் முகம் மாறியது. "அப்ப தின்டியா?"

உண்மையைச் சொல்ல லவனுக்கு உரிமை இல்லை, அம்மன்மேல் சத்தியம். அம்ஜதைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். இருந்தது நம்பிக்கை. இப்போதாவது நானா சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை.

சோயா. ஒரே ஒரு சொல். அம்ஜதின் நாக்கு எழும்பவில்லை. சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் ஆட்டக்காரரின் குடும்பங்களை நினைத்தேன் என்று பிறகு எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்தக் கணத்தில் அவன் நினைத்தது யூஜினியின் சிரிப்பையும், றஊப் ஹாஜியாரின் பார்வையையும், நாளைக்குத் தன் மேசையில் வேறு ஒருவன் இருப்பதையும்தான். தலையைக் குனிந்துகொண்டான். வெட்கங்கெட்டவன், குனிந்தபடியே தன் சப்பாத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான்.

யோகராசா கொஞ்ச நேரம் பொறுத்தார். அவருக்கும் மனமில்லை என்பது தெரிந்தது. பிறகு பூசாரியைக் கூப்பிட்டார். லவன் தானாகவே கையை நீட்டினான். முடிச்சு இறுகியிருந்ததால் பூசாரிக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்த நேரமும் அம்ஜதுக்காகவே கொடுக்கப்பட்டதுபோல இருந்தது. அதையும் அவன் விட்டுவிட்டான். நூல் பூசாரியின் தட்டில் விழுந்தது. லவன் வெறும் மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டான்.

அதைக் கண்ட பிறகுதான் அம்ஜத் கதிரை விழ எழும்பினான்.

"ஐயா, அது கோழியில்ல! சோயா! என்ட பொஞ்சாதி புதுச்சட்டியில பொரிச்சுத் தந்தது. லவன் ஒரு பிழையும் செய்யல்ல. யாருக்கும் சொல்லக் கூடாது என்டு நான்தான் சத்தியம் வாங்கினேன். கம்பனி போயிடும் என்டு பயம்... லவன், இனி நீங்க சொல்லலாம். சொல்லுங்க!"

"ஓம் ஐயா" என்றான் லவன், தட்டைப் பார்த்தபடி. "சோயாதான்."

யோகராசா தன் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். "ஐயோ தம்பி" என்றார். "இதை ஒரு நிமிஷம் முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"திருப்பிக் கட்டுங்க ஐயா. பிழை என்னிலதான்."

"கழட்டின காப்பை அந்த வருஷம் திருப்பிக் கட்டுற வழக்கம் இல்ல தம்பி. யார் பிழை எண்டாலும் கழட்டினது கழட்டினதுதான். இவன் இனி வாற வருஷம் முதல்ல இருந்துதான் தொடங்க வேணும், மூண்டு வருஷம்." அவர் குரலில் கோபம் இல்லை. "இதை என்ர காதோட சொல்லியிருந்தா நாங்க வெளிய விட்டிருப்பமா? உங்கட கம்பனிக்குத் தந்தி அடிச்சிருப்பமா? இப்பவும் சொல்லுறன், இந்தக் கதை இந்தக் கொட்டகையை விட்டுப் போகாது. பயப்படாமப் போங்க."

பயப்படாமப் போங்க! அவ்வளவு நாளும் அவன் பயந்த பயம் எல்லாம் ஒன்றுமில்லாத பயம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவன் கேட்கவே இல்லை, பொய்யை மட்டும் விற்றான். ஊருக்குத் திரும்பும் வழியில் எந்த இடத்தைக் கடந்தான் என்பதே அவனுக்குத் தெரியாது.

தீமிதிப்பு அன்று பின்னேரம் போகாமலிருக்க முடியவில்லை. சனத்துக்குள் ஒளிந்து நின்று பார்த்தான். மஞ்சள் உடுத்தவர்கள் ஒவ்வொருவராக நெருப்பில் இறங்கி ஓடினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேடிக்கை பார்க்கும் சனத்தோடு சனமாக, லவன் சேட்டும் சாரமும் உடுத்து நின்றான். மகள் அவன் தோளில் இருந்து கை தட்டினாள். யதுர்சிகா நெருப்பைப் பார்க்கவே இல்லை, பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குக்கூ நன்றாக விற்றது. யூஜினி ஒப்பந்தத்தை நீட்டினாள். றஊப் ஹாஜியார் அம்ஜதின் தோளைத் தட்டி, "மாஷா அல்லாஹ், நீ கெட்டிக்காரன்" என்றார். அவனுக்கு ஒரு நட்டமும் வரவில்லை. ஏதாவது வந்திருந்தால், வேலை போயிருந்தால், யாராவது நாலு பேருக்கு முன்னால் ஏசியிருந்தால், அம்ஜத் கொஞ்சமாவது நித்திரை கொண்டிருப்பான். லவன்கூட ஏசவில்லை. பயிற்சிக்கு வந்தான், கோல் அடித்தான், அடுத்த படத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டான்.

அம்ஜதைப் பிடித்துக்கொண்டது வேறு. அந்தப் பிள்ளை. நேர்த்தி முடியாமல் நின்றால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்பது அவன் நம்பிக்கையில் இல்லாத விஷயம். தொழுகையில் நின்றுகொண்டு அதைத் தனக்கே சொல்லிப் பார்த்தான். ஆனால் வாசலில் யாருடைய பிள்ளையாவது இருமினால் லவனின் மகள் ஞாபகம் வந்தது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை லவனுக்குப் போன் எடுத்து, "புள்ளைக்குச் சுகமா?" என்று கேட்பான். தடிமன் என்றால் மருந்து வாங்கிக்கொண்டு போய் நிற்பான். மாதங்கள் போயின. கேட்பது நிற்கவில்லை.

ஒரு ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, உடுப்பு மாற்றும் அறை வாங்குப் பலகையில் லவன் சப்பாத்துக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தான். அம்ஜத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"புள்ள எப்படி, லவன்?"

"நல்லா இருக்கிறாள் நானா." லவன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "ஒண்டு சொல்லட்டா? குறை நினைக்கக் கூடாது. இனி அதைக் கேக்காதீங்க. வீட்டில நாங்க அதை மறந்து, சிரிச்சுக்கொண்டு இருப்பம். அந்த நேரம் உங்கட போன் வரும். நீங்க கேட்டாப் பிறகுதான் யதுர்சிகா எழும்பிப் போய்ப் பிள்ளையின்ர நெத்தியில கை வைச்சுப் பாக்கிறாள்."

"கேக்கமாட்டேன்" என்றான் அம்ஜத்.